கதவிடுக்கில் ஒரு செருப்பு

மன்னார்த் தீவில் காற்று நுழையாத ஓர் இடம் தேடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது ஒலிப்பதிவு செய்கிறவனுக்குத்தான் தெரியும், ஐயா. சோளகக் காற்றுப் பிடித்தால் லேசில் விடாது. அது ஓய்ந்து நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் வாடை வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பனையோலை கொஞ்சம் சும்மா இருக்கும் என்று பார்த்தால், இப்போது கரையோரம் காற்றாலைகள் வேறு வந்துவிட்டன. அவற்றின் உறுமல் மனிதக் காதுக்குப் பழகிவிடுகிறது. மைக்குக்கு எதுவும் பழகுவதில்லை. அதனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்கள். அவசரம் வேண்டாம், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நீங்கள் மட்டக்களப்புப் பக்கம் என்பது நீங்கள் பேர் கேட்டபோதே தெரிந்துவிட்டது. நல்ல அடிக்குரல். வேறொரு நாளாக இருந்தால் ஒரு கப்பல் தலைவனுக்குக் குரல் கொடுக்க உங்களைக் கேட்டிருப்பேன்.

பெயர் றெனால்ட். தொழில் என்று இரண்டு எழுதவேண்டும். படம் எடுக்கிறவன். யப்பான் கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் சேர்க்கிறவன். கலியாண வீடியோவும் எடுத்தேன், ஆனால் அதைத் தொழில் என்று எழுதவேண்டாம், அது வயிற்றுப்பாடு.

என் படங்கள் இரண்டு. ‘உப்பளத்துக் காவல்’, ‘பெருக்கமரப் பொந்து’. இரண்டும் பயப்படுத்துகிற படங்கள். ஒரு தியேட்டரிலும் ஓடவில்லை. ஊரில் என்னைப் பேய்ப்பட றெனால்ட் என்பார்கள், பாதி நக்கலுக்கு. ஆனால் டொரன்டோவிலும் பாரிசிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மண்டபம் எடுத்து, விளக்கை அணைத்துப்போட்டு, எல்லா வசனத்தையும் படத்தோடு சேர்ந்து சொல்லுவார்கள். பெருக்கமரம் அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். சின்னக் கூட்டம்தான். ஆனால் பூசைக்குக்கூட அவர்கள் அப்படி ஒழுங்காகப் போயிருக்க மாட்டார்கள்.

அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரு காட்சியைப் பற்றித்தான். மரப்பொந்துக்குள் ஒளிந்திருக்கும் கிழவனின் முகம், மெல்ல மெல்ல உடைகிற காட்சி. அந்தக் கிழவனாக நடித்தவர் கிறகரி. தவக்காலத்தில் பாஸ்கு நாடகத்தில் யூதாசாக நடித்துப் பேரெடுத்தவர். நன்றாக நடிப்பார், அதுதான் தொல்லை. கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவனுக்கும் தெரியவேண்டும் என்று பழகின முகம் அது. கமராவுக்கு அந்த முகம் பொய். இரண்டு நாள் மினக்கெட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு சிநேகிதனைக் கொண்டு கிறகரிக்குப் போன் எடுப்பித்தேன். மகனின் படகு கொண்டச்சிக் கடலில் கவிழ்ந்துவிட்டது, கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து அடையாளம் காட்டவேண்டும் என்று. கமரா ஓடிக்கொண்டிருந்தது. வேண்டியது கிடைத்ததும் உண்மையைச் சொல்லி, இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்து, மகனோடு கதைக்கவும் விட்டேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “தம்பி, நீங்கள் நல்லா வருவீங்கள்,” என்று சொல்லிச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதை நான் ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டில் போன் அடித்தால் மனிதன் எழும்பி வெளியே வளவுக்குள் போய் நிற்கிறாராம். வயது போனால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று.

அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். சிரிப்பை நடிக்கலாம், அழுகையை நடிக்கலாம், காதலைச் சொல்லவே வேண்டாம். பயத்தை நடிக்க முடியாது. அது உள்ளே இருக்கிற ஒன்று, தானாக வெளியே வரவேண்டும். நான் செய்வது கதவைத் திறந்துவிடுவது மட்டும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது.

கார்ட்டூன் வேலைக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு கொம்பனி எனக்குத் தொடர்களைத் தந்தது. பேர் வேண்டாம், அவர்கள் இதில் ஒரு குற்றமும் செய்யவில்லை. யப்பான் கார்ட்டூனில் பேச்சு பாதி, மூச்சு பாதி. ஓடும்போது ஒரு மூச்சு, விழும்போது ஒரு முனகல், எதிரியைக் கண்டால் தொண்டைக்குள் ஒரு சத்தம். மொழிபெயர்த்து அனுப்புகிற தாளில் வசனம் மட்டும்தான் இருக்கும். மூச்சை யாரும் எழுதி அனுப்புவதில்லை. படத்தின் வாயைப் பார்த்து நாங்கள்தான் உண்டாக்கவேண்டும். அதற்கு ஊசி விழுந்தாலும் கேட்கிற அறை வேண்டும்.

அப்படித்தான் ஐஸ் அறை கிடைத்தது. எருக்கலம்பிட்டிச் சனூன் நானா மீன் வைக்க ஓலைத்தொடுவாயில் கட்டியிருந்த அறை. அவர் வியாபாரத்தை வேறிடத்துக்கு மாற்றியபிறகு சும்மா கிடந்தது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும். சுவருக்கு உள்ளும் புறமும் தகரம், நடுவில் குளிரைப் பிடிக்கிற நுரை. கதவு ஒரு சாண் தடிப்பு. மீன் உள்ளேயிருந்து கதவைத் திறக்கப்போவதில்லை என்பதால் உள்பக்கம் கைபிடி இல்லை. பொருத்தவேண்டும் என்று நினைத்திருந்தேன், அதையும் எழுதுங்கள். தகரத்துக்கு மேல் மெத்தையும் கம்பளியும் அடித்து, உள்ளே ஒரு மைக்கும் சின்னத் திரையும் வைத்தேன். கதவுக்கு வெளியே என் மேசை. கதவைச் சாத்தினால் சோளகம் செத்துப்போகும். உள்ளே நிற்கிறவருக்குத் தன் இரத்தம் ஓடுகிற சத்தமே கேட்கும் என்று சொல்லுவார்கள். எனக்குத் தெரியாது. மைக்கைச் சரிபார்க்க நான் உள்ளே போகும்போதெல்லாம் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போவேன். வெக்கைக்காக.

டிலோஜினியை எனக்குக் கோயில் பாட்டுக் குழுவில் தெரியும். விடத்தல்தீவுப் பிள்ளை. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்தபிறகு தாயும் மகளுமாக ஓலைத்தொடுவாயில் குடியிருந்தார்கள். தகப்பனில்லை. தாய் மேரிசெல்வி கருவாடு போடுகிறவர். பெண்பிள்ளைதான், ஆனால் பொடியன்களின் குரல் அவளுக்கு அப்படி வந்தது. இந்தத் தொழிலில் சிறுவர்களுக்கு இளம் பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். ‘வான்தீவுக் காவலர்கள்’ என்ற தொடரில் ஹாரு என்ற பொடியன் அவள்தான். ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைகள் அவளைத் தெருவில் கண்டால் ஹாரு அக்கா என்று பின்னால் ஓடுவார்கள். அவளும் அந்தக் குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஐஸ் அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவாள், எல்லோரும் கழற்றுவார்கள். ஆனால் இடது செருப்பை மட்டும் கதவிடுக்கில் வைப்பாள். கதவு முழுதாகச் சாத்தாது. காற்றுச் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், நான் பிறகு மினக்கெட்டுத் துடைப்பேன். நல்ல குரலுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தச் செருப்புக்கு என்ன கதை என்று கேட்டேன்.

“கதையில்லை அண்ணா. சாத்தின அறை எனக்குச் சரிவராது. வீட்டிலயும் இப்பிடித்தான்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “சண்டை நேரம் பங்கர்க் குழிக்குள்ள நானும் தம்பியும் இருந்தனாங்கள். பக்கத்தில செல் விழுந்து வெடிச்சு மண் மூடிப்போச்சு. அம்மா கையால தோண்டி என்னை எடுத்தவா. தம்பியையும் எடுத்தவாதான்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு, “ஹாருவுக்குக் கதைக்கேக்க தம்பி கதைக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணா. வளந்திருந்தால் இப்பிடித்தான் கதைச்சிருப்பான்,” என்றாள்.

அந்த நேரம் நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் உண்மை சொல்லத்தானே வந்திருக்கிறேன். அந்த நேரமே நினைத்தேன். இவ்வளவு பெரிய பயத்தை இந்தப் பிள்ளை ஒரு செருப்பால் அடைத்து வைத்திருக்கிறதே என்று நினைத்தேன். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

அவளுக்குத் தொய்வு நோயும் இருந்தது. மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடிக்கிற பம்ப் கைப்பையில் இருக்கும். கைப்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சிப் சத்தம், சாவிச் சத்தம், போன் அதிர்வு, எல்லாம் மைக்கில் விழும். அது என் சட்டம், எல்லோருக்கும் பொது. பை என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும்.

ஹாரு பனிப்பாறைக்கு அடியில் புதையுண்டு போகிற அத்தியாயம் வந்தது. தொடரின் உயிரே அதுதான். இருட்டில் தனியே கிடக்கிறான், ஐஸைத் தட்டுகிறான், மேலே யாரும் இல்லை. வசனம் கிடையாது, முழுக்க மூச்சு. டிலோஜினி செய்தாள். கொம்பனி திருப்பி அனுப்பியது. பயம் போதாது என்றார்கள். திரும்பச் செய்தாள். திரும்ப அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரி. அவள் கத்தினால் பாட்டுக் குழுவில் கத்துகிற மாதிரி இருந்தது, சுருதி பிசகாமல். இதைச் சரியாகக் கொடுக்காவிட்டால் தொடர் கைமாறிவிடும் என்று அவளிடம் சொன்னேன். “நான் எவ்வளவு முக்கினாலும் அது வருகுதில்லை அண்ணா,” என்று அழுமாப்போல் சொன்னாள். வருத்தமாக இருந்தது. உதவி செய்யவேண்டும் என்று தோன்றியது. ஆமாம், உதவி. அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

அன்றைக்குச் சோளகம் கடுமை. கடற்கரை மணல் முற்றம்வரை வந்திருந்தது. அவள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றாள், முதுகு என் பக்கம். நான் குனிந்து அந்த இடது செருப்பை எடுத்தேன். அடிப்பாகம் கதவின் விளிம்பு பட்டுப் பட்டுப் பள்ளமாகிப் போயிருந்தது. கதவைச் சாத்தினேன், சத்தமில்லாமல். வெளிக்கைபிடியை இறக்கினேன். செருப்பை வலதுக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தேன். பிறகு கதிரையில் இருந்து, உள்ளே இருந்த திரையையும் விளக்கையும் அணைத்தேன். என் குரல் அவளுக்குப் போகிற இணைப்பையும் நிறுத்தினேன். அவளுடைய சத்தம் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். “அண்ணா, கரண்ட் போயிட்டுது போல.” அதில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருந்தது. பிறகு கையால் தடவித் தேடுகிற சத்தம். “அண்ணா, கதவு சாத்துப்பட்டுப் போச்சு.” பிறகு, “அண்ணா, செருப்பு எங்க?”

அந்தக் கடைசி வார்த்தையில் பயத்தின் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன். இனி வரும் என்று ஒலி அளவைச் சரிசெய்து வைத்தேன். கத்தினால் பதிவு கிழிந்துவிடக் கூடாது, அதற்காகக் குறைத்தும் வைத்தேன்.

கத்தல் வரவில்லை.

பேச்சே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மூச்சுக்கூட இல்லை. அதன்பிறகு தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதேபோல. கோபத்தில் தட்டுகிற தட்டல்ல, அவசரமும் இல்லை. கதவைத் திற என்று தட்டுகிற மாதிரியே இல்லை. நான் யோசித்தேன், இந்தப் பிள்ளை எனக்கு அடம்பிடிக்கிறது, தான் பயப்படவில்லை என்று காட்டுகிறது என்று. பயந்தவள் ஏன் பேசாமல் இருக்கவேண்டும்? பயந்தவள் கத்துவாள். எனக்குத் தெரிந்த பயம் அப்படிப்பட்டது. ஆகவே காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. தொய்வு. அதை எனக்கு நன்றாகத் தெரியும், அவளுடைய எத்தனையோ பதிவுகளிலிருந்து அதைத் துடைத்திருக்கிறேன். பை பக்கத்துக் கதிரையில் இருந்தது. சிப் பாதி திறந்திருந்தது, பம்பின் நீலம் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு குறைத்து வைத்த அளவைக் கூட்டினேன், ஏனென்றால் அவள் மிக மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாருவின் குரலில் இல்லை, தன் குரலில்.

“கத்தாத தம்பி. அம்மா வாறா. கத்தாத.”

அவள் இதைச் சொல்லும்போது என் கை மேசையில் எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். ஒலியைக் கூட்டுகிற திருகியில் இருந்தது. கதவின் கைபிடி அதிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். எழும்பவே தேவையில்லை.

தட்டல் மெதுவானது. இரண்டு, பிறகு ஒன்று. இரண்டு, பிறகு நெடுநேரம் கழித்து ஒன்று. பிறகு இரண்டு மட்டும்.

அது நின்றபிறகும் நான் சிறிது நேரம் இருந்தேன். பதிவின் கடைசியில் கொஞ்சம் வெறுமையை விடவேண்டும், வெட்டும்போது வசதி. இந்த வேலை செய்கிற எல்லோரும் விடுவார்கள். அதன்பிறகு திரையைப் போட்டு, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்தேன்.

ஓட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். வைத்தியசாலையில் தொய்வு என்றார்கள். பதிவு நடந்துகொண்டிருந்தபோது விழுந்துவிட்டாள், உடனே கதவைத் திறந்தேன் என்று மரண விசாரணையில் சொன்னேன். கதவுக்கு உள்ளே கைபிடி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தவீட்டில் நான் முன்னுக்கு நின்றேன். பெட்டியை நாலுபேர் தூக்க, ஒரு மூலை என் தோளில் இருந்தது. சேமக்காலையில் மண் விழுகிற சத்தம் கேட்டபோது மேரிசெல்வி அக்கா மட்டும் திடீரென்று குனிந்து காதைப் பெட்டிப் பக்கம் கொடுத்தார். பெண்கள் பிடித்து இழுத்தார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பதிவை என்ன செய்தேன் என்று கேட்கவில்லை நீங்கள். சொல்கிறேன். முதலில் அழிக்கத்தான் இருந்தேன். பிறகு, அவளுடைய கடைசி வேலை வீணாகப் போகக் கூடாது என்று தோன்றியது. பேச்சை வெட்டிவிட்டு, மூச்சையும் தட்டலையும் படத்தோடு சேர்த்தேன். ஹாருவின் கை ஐஸில் படுகிற இடமும் தட்டலும் நான் ஒன்றும் செய்யாமலே பொருந்தின. கொம்பனி ஒரே வரியில் பதில் அனுப்பியது: இதுதான் வேண்டும். அத்தியாயம் ரீவியில் போனது. பிள்ளைகள் அந்த இரவு தாயின் பக்கத்தில் படுத்தார்களாம். பிறகு ஓலைத்தொடுவாயில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தண்ணீர்த் தாங்கியிலும் படகின் வங்குப் பலகையிலும் தட்டுவார்கள், இரண்டு, பிறகு ஒன்று. தெருவில் போகும்போது கேட்கும். நான் பாதையை மாற்றிக்கொண்டேன். பயத்தினால் இல்லை, வெயிலுக்காக.

மேரிசெல்வி அக்கா வந்தது நேற்றுப் பின்னேரம். கருவாட்டு மணம் கையில் இருந்தது. செருப்போடு வாசலில் நின்றார்.

“தம்பி, பக்கத்து வீட்டு ரீவியில அந்தப் பெடியன் ஐசுக்குள்ள கிடந்து தட்டுது. அது ஆர் தட்டினது?”

“டிலோஜினிதான் அக்கா. அவளின்ர கடைசி வேலை.”

“முழுசாக் கேக்கலாமோ?”

இல்லை, அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிவை முழுவதும் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அது எனக்குப் பாரமாக இருந்தது. பாரம் என்றா சொன்னேன்? வெட்டிவிட்டு ஆசை என்று எழுதுங்கள். கதிரையை இழுத்துப்போட்டேன். ஹெட்போனை அவருடைய தலையில் நானே மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. தட்டல் தொடங்கிய இடத்தில் அவருடைய கை மேசைக்கு வந்தது. மகள் இரண்டு தட்டி ஒன்று தட்ட, இவர் விரல் முட்டியால் ஒன்று தட்டி இரண்டு தட்டினார். மகள் மறுபடி தட்ட, இவர் மறுபடி பதில் தட்டினார். கடைசிவரை ஒன்றையும் தவறவிடவில்லை. மகள் நிறுத்தியபிறகும் இவர் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்பதை நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே சொல்கிறேன். மேசையில் நான் பேசுவதற்கு வைத்திருந்த மற்ற மைக்கைத் திறந்தேன். அவர் தட்டுவதும் என்னிடம் பதிவாக இருக்கிறது.

அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

“மண்ணுக்குள்ள அம்பிட்டால் கத்தக்கூடாது எண்டு நான்தான் ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தனான்,” என்றார். “கத்தினால் காத்து முடிஞ்சிடும். தட்டவேணும். வெளியில நிக்கிற ஆள் திருப்பித் தட்டவேணும். அப்பத்தான் உள்ளுக்குக் கிடக்கிற ஆள் தாங்கும். மகன் சின்னன், கத்தினவன். இவள் தட்டினவள். அதாலதான் இவளை உயிரோட எடுத்தனான்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் ஏன் தம்பி திருப்பித் தட்டேல்லை?”

ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். கைபிடி இறுகிவிட்டது என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். இவர் கேட்டது வேறு. “அவள் கத்துவாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் அக்கா,” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார், ஒரு விலையை ஒத்துக்கொள்கிறவர் மாதிரி. எழும்பி ஐஸ் அறை வாசலுக்குப் போனார். “அவள் நிண்ட இடத்தைக் காட்டுங்கோ.” நான் வாசலில் நின்றே விரலால் காட்டினேன். “உள்ளுக்கு வந்து காட்டுங்கோ தம்பி,” என்றார். செங்கல் அந்த நேரம் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது. நான் போகவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடது செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு, “கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்,” என்று தானே உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார்.

வெளியே நான். இடுக்கில் ஒரு றப்பர்ச் செருப்பு. இரண்டு மைக்கும் திறந்திருந்தன. மகளுக்கு வராதது தாய்க்கு வரக்கூடும். இதை நான் நினைத்தேன் என்று எழுதுங்கள், மறைக்க மாட்டேன். குனிந்தேன். செருப்பில் கை வைத்தேன். உப்பும் மணலும் கையில் ஒட்டின.

உள்ளேயிருந்து குரல் வந்தது, பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி.

“எடுங்கோ தம்பி. நான் கத்தமாட்டன்.”

என் கை அதிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் எத்தனை பேருடைய பயத்தைக் கேட்டிருக்கிறேன், தரம் பிரித்திருக்கிறேன், இது பொய் இது மெய் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள் ஒரு முனகல், ஓடுகிறவனின் மூச்சு. யாரோ நன்றாகச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். முற்றத்து மணலில் விழுந்து எழும்பியபிறகுதான் அது நான் என்று தெரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் பிரதான வீதிவரை ஓடியிருக்கிறேன். இரவு முழுக்க மாதா சொரூபத்தடியில் இருந்துவிட்டு, விடிய இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். செருப்பு எடுக்கக்கூட அங்கே திரும்பிப் போகவில்லை, இப்போது வாசலில் கிடப்பது வழியில் ஒருவரிடம் இரவல் வாங்கியது. எனக்கு முன்னரே மேரிசெல்வி அக்கா வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். நான் உள்ளே வரும்போது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆனாலும் நானாகவே வந்தேன் என்றுதான் எழுதவேண்டும்.

சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். செருப்பை எடுத்தவன் நான். கதவைச் சாத்தியவன் நான். அவள் சாகிறாள் என்று விசில் தொடங்கியபோதே தெரியும், பம்ப் பக்கத்தில் இருந்தது, கைபிடி எட்டுகிற தூரத்தில் இருந்தது. திறக்க மறந்துபோகவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்பட்டேன். வேலைக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னேன். கொம்பனி அந்த அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிராவிட்டாலும் ஏதோ ஒரு நாள் அந்தச் செருப்பை எடுத்திருப்பேன்.

கையெழுத்து வைக்கிறேன். எங்கே, இந்த இடத்திலா?

ஒரு சின்ன விஷயம், ஐயா. உங்கள் குரல் மாறிவிட்டது, நீங்கள் எழும்பப் போகிறீர்கள் என்று தெரிகிறது. இந்த அறைக்கு யன்னல் இல்லை. வெளியே யாரோ தட்டுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள், சரி, காற்றாக இருக்கும். போகும்போது கதவை முழுதாகச் சாத்தவேண்டாம். வரும்போது என் செருப்பை வாசலில் கழற்றச் சொன்னீர்கள். அதில் ஒன்றை எடுத்து இடுக்கில் வைத்துவிட்டுப் போங்கள். அவளுக்கு எப்போதும் இடதுதான் வேண்டும். எனக்கு எதுவானாலும் சரி.